படகு எங்கே தங்கும்?

'திரு' என்றால் மகாலட்சுமி. அவள் வந்து தங்கித் தவம் செய்த இடம் என்பதால் திருத்தங்கல் என்று பெயர் வந்ததாகத் தலபுராணம் சொல்கிறது. சிவகாசிக்குப் பக்கத்தில் சின்னக் குன்றின் மேல் நின்ற நாராயணப் பெருமாள் கோயில் கொண்டிருக்கும் இந்த ஊர், 108 திவ்ய தேசங்களில் ஒன்று. பழைய பெயர் திருத்தண்கால். 'கால்' என்றால் காற்று. தண்கால் என்றால் குளிர்ந்த காற்று. ஆக, தங்குவதும் காற்றும் இந்த ஊர்ப் பெயரிலேயே இருக்கின்றன. இல்லாதது கடல் மட்டும்தான்.

கடல் மட்டுமல்ல, மழையும் குறைவு. பட்டாசும் தீப்பெட்டியும் இந்த வட்டாரத்தில் வேர் பிடித்ததற்கு அந்த வறண்ட வெயிலும் ஒரு காரணம். எனவே, ஞாயிற்றுக்கிழமை கிடைத்தால் குடும்பத்தோடு தூத்துக்குடிக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். பனிமய மாதா கோயில், பிறகு கடற்கரை, திரும்பும்போது ஒரு பாக்கெட் மக்ரூன். கடலைப் பார்த்ததும் பிள்ளைகள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும்: "இந்தப் படகெல்லாம் ராத்திரி எங்கே தூங்கும்?"

சின்னக் கேள்விதான். ஆனால், சொந்தமாகப் பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்வதும் இதே கேள்விக்குத்தான். பணம் இருந்தால் படகை வாங்கிவிடலாம். அதற்கு ஒரு நிரந்தர இடம் பிடிப்பது, பெருநகரத்தில் வாடகை வீடு பிடிப்பதைவிடக் கஷ்டம்.

கட்டுமரத்துக்கு இந்தப் பிரச்னையே கிடையாது. வேலை முடிந்ததும் கட்டைகளை அவிழ்த்து மணலில் காயப் போட்டுவிடலாம். வள்ளத்தையும் நாலு பேர் சேர்ந்தால் கரையேற்றிவிடலாம். 'யாட்' எனப்படும் பாய்மரப் படகு அப்படியல்ல. பாயில் காற்று மோதும்போது படகு கவிழாமல் இருக்க, அடியில் கனமான இரும்போ ஈயமோ சேர்ந்த ஒரு துடுப்பு நீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். 'கீல்' என்பார்கள். நடுத்தரமான படகுக்கே அது ஒன்றரை, இரண்டு மீட்டர் ஆழத்துக்குப் போகும். அதை மணலில் இழுத்துப் போட முடியாது. ஆண்டு முழுக்கத் தண்ணீரிலேயே நிற்க வேண்டும். அந்தத் தண்ணீரும் ஆழமாக, அதே நேரம் அலையடிக்காமல் இருக்க வேண்டும். தமிழகக் கடற்கரையில் இந்த இரண்டும் ஒரே இடத்தில் கிடைப்பது அபூர்வம்.

அப்படிக் கிடைத்த இடங்களும் நிலைத்ததில்லை. பாண்டியர்களின் முத்துத் துறைமுகமான கொற்கையை எடுத்துக்கொள்ளுங்கள். கிரேக்க, ரோமானியப் பயணக் குறிப்புகளிலேயே இடம்பெற்ற ஊர். இன்று அங்கே போனால் வயலும் குளமும்தான். கடல் ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் துறைமுகத்தைத் தூர்த்துவிட்டது. கப்பல்காரர்கள் அழுதுகொண்டிருக்கவில்லை, காயலுக்கு இடம் மாறினார்கள். 13-ம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ வந்தபோது கொடிகட்டிப் பறந்தது காயல்தான். அதையும் ஆறு விடவில்லை. அடுத்ததாக, ஆற்று முகத்துக்கு வடக்கே தள்ளியிருந்த தூத்துக்குடி. போர்ச்சுக்கீசியரும் பிறகு டச்சுக்காரர்களும் அங்கேதான் காலூன்றினார்கள்.

தூத்துக்குடிக்கு இயற்கை கொடுத்த வரம், எதிரே காவல் நிற்கும் முயல் தீவு, வான் தீவு போன்ற சின்னச் சின்னத் தீவுகள். வெளிக்கடலின் அலையை அவை வாங்கிக்கொள்கின்றன. சாபம், கரையோரம் ஆழமில்லாதது. பெரிய கப்பல்கள் சில மைல் தள்ளி நடுக்கடலில்தான் நங்கூரம் போடும். சரக்கைச் சின்னப் படகுகள் கொண்டுவந்து சேர்க்கும். வ.உ.சிதம்பரனார் 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோதும் இதே நிலைதான். கடலுக்குள் ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் நீளத்துக்குக் கல்லைக் கொட்டி, இரண்டு கைகளை நீட்டியதுபோல் அலைதடுப்புச் சுவர்கள் எழுப்பி, 1974-ல் புதிய துறைமுகம் வந்த பிறகுதான் பெரிய கப்பல்கள் கரையைத் தொட்டன.

தோணிகள் மட்டும் பழைய துறைமுகத்தை விட்டுப் போகவில்லை. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வெங்காயமும் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிச் சென்ற மரக்கலங்கள் அவை. நீராவிக் கப்பல் வந்து, டீசல் கப்பல் வந்த பிறகும், பல காலம் பாயை மட்டுமே நம்பி ஓடியவை. ஆழம் அதிகம் வேண்டாத அவற்றுக்குப் பழைய இடமே வசதி. ஜோ டி குரூஸ் 'கொற்கை' நாவலில் எழுதியது இந்தத் தோணி உலகத்தைத்தான். அதற்கு 2013-ல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது.

தோணிக்காரர்கள் வீட்டில் ஜூன் மாதம் என்றாலே ஒரு கலக்கம் இருக்கும். கச்சான் காற்று வீசத் தொடங்கிவிடும். ஆகஸ்ட் முடியும் வரை தோணி கடலுக்குப் போகக் கூடாது. கட்டிய இடத்திலேயே கிடக்கும். மரப் பலகைகளின் இடுக்கில் பஞ்சைத் திணித்துக் கலப்பத்து அடிப்பதும், எண்ணெய் பூசுவதும் அந்த மாதங்களில்தான். தோணி ஓடினால்தான் தண்டலுக்கும் மாலுமிக்கும் வருமானம். பள்ளிக்கூடம் திறந்து பீஸ் கட்ட வேண்டிய நேரமும் அதே ஜூன்தான் என்பதைக் கடல் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அந்த மூன்று மாதம் தோணி பத்திரமாகக் கட்டிக் கிடந்தால்தான் செப்டம்பரில் வீட்டில் உலை கொதிக்கும்.

சென்னையின் கதை வேறு. அங்கே தீவும் இல்லை, ஆழமான கழிமுகமும் இல்லை; திறந்த கடல். கப்பல் தூரத்தில் நிற்க, மசூலா படகில் ஏறி நனைந்துகொண்டே கரைக்கு வந்தவர்கள்தான் வெள்ளைக்காரத் துரைமார்கள். 1876-ல் அலைதடுப்புச் சுவர் கட்டத் தொடங்கினார்கள். வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பரில் வந்த புயல் அதைச் சிதைத்துப் போட்டது. மறுபடியும் கட்டினார்கள். ஆனால், வாசலைக் கிழக்கே பார்த்து வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வேண்டுமானால் கிழக்கு வாசல் ராசியாக இருக்கலாம், வங்கக் கடல் துறைமுகத்துக்கு ஆகாது. அலை நேராக உள்ளே வந்தது. 1904-ல் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் கிழக்கு வாசலை அடைத்து, வடகிழக்கில் வேறு வாசல் திறந்த பிறகே உள்ளே தண்ணீர் அடங்கியது.

அந்த அடங்கிய தண்ணீரைப் பார்த்ததும் அவருக்கே ஆசை வந்திருக்க வேண்டும். 1911-ல் மெட்ராஸ் யாட் கிளப்பைத் தொடங்கியவரும் அதே ஸ்பிரிங்தான். இன்றைக்கு ராயல் மெட்ராஸ் யாட் கிளப் என்ற பெயரில் துறைமுக வளாகத்துக்குள்ளேயே இயங்குகிறது. சென்னையில் ஒருவர் பாய்மரப் படகு வாங்கினால் முதலில் நினைவுக்கு வரும் இடம் அது. பெரிய சரக்குக் கப்பல்களுக்கு நடுவே ஓரமாக வழிவிட்டு வாழ வேண்டும், கூட்டுக் குடும்பத்தில் சின்ன மருமகள் போல.

ஆனால், இந்தப் பாதுகாப்புக்கு யார் விலை கொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். துறைமுகச் சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் குவிந்து மெரினா அகலமானது. சுண்டல் தின்று காற்று வாங்க ஊருக்கே இடம் கிடைத்தது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் மணல் போய்ச் சேரவில்லை. கரை கரைந்தது. மீனவர் வீடுகளையும் தெருக்களையும் கடல் தின்றது. இப்போது அங்கே கடற்கரை என்று இருப்பது பெரும்பாலும் கொட்டிவைத்த பாறாங்கல். கட்டுமரத்தை இழுத்துப் போட மணல் இல்லை. கப்பலுக்கு வீடு கட்டும்போது மனுஷனின் வீடு போனது, அதுவும் ஒரு சின்ன சத்தம்கூட வெளியே கேட்காமல்.

ஒரே படகுக்கு இரண்டு வீடு வைத்திருக்கும் சாமர்த்தியசாலிகள் ராமேஸ்வரம், மண்டபம் மீனவர்கள். தீவுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வாடைக் காற்று அடிக்கும் மாதங்களில் வடக்குக் கரை கொந்தளிக்கும். தெற்கு அமைதியாக இருக்கும். கச்சான் அடிக்கும்போது அப்படியே தலைகீழ். காலத்துக்குத் தகுந்தபடி படகை மாற்றிக் கட்டுவது அவர்களுக்குப் பழகிய விஷயம். பாம்பன் பாலம் தூக்கப்படும் நாளுக்காக விசைப்படகுகள் வரிசை கட்டி நிற்கும் காட்சியைப் பார்க்கவே கூட்டம் கூடும். 1914-ல் வந்த பழைய பாலம் ஓய்வு பெற்று, 2025 ஏப்ரலில் செங்குத்தாகத் தூக்கும் புதிய பாலம் திறக்கப்பட்டாலும் அந்தக் கூட்டம் குறையவில்லை.

இத்தனை அனுபவம் இருந்தும் சில இரவுகளில் எதுவும் உதவாது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது, மல்லிப்பட்டினத்தில் துறைமுகத்துக்குள் கட்டி வைத்திருந்த படகுகளே ஒன்றோடொன்று மோதி உடைந்தன. கடலில் தொலைந்த படகுகள் அல்ல அவை. வீட்டு வாசலில் நின்றவை. நெருக்கமாகக் கட்டியது சாதாரண நாளில் வசதி, புயல் நாளில் அதுவே வினை.

அதனால்தான், புது இடம் தேடும் யாட்காரர்களுக்கு அனுபவசாலிகள் ஒரு யோசனை சொல்வார்கள்: அழகான ஜனவரி மாலையில் போய் இடம் பார்க்காதே, அந்த இடத்துக்கு எந்த மாதம் மோசமோ அந்த மாதத்தில் போய்ப் பார். நீர் வற்றிய நேரத்தில் ஆழம் அள. தமிழகக் கரையில் ஏற்றவற்றத்தின் வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான் என்பதால் பலர் இதை அலட்சியப்படுத்துகிறார்கள். குஜராத்தின் பாவ்நகர் பக்கம் அது பத்து மீட்டரைத் தொடும். அங்கே அலட்சியம் செய்தால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும்.

அடித்தரையும் முக்கியம். களிமண் என்றால் நங்கூரம் கவ்விப் பிடிக்கும். பாறையில் வழுக்கும் அல்லது சிக்கிக்கொண்டு வர மறுக்கும். பவளப் பாறை என்றால் போடவே கூடாது. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றித் தேசியப் பூங்கா இருக்கிறது. பிறகு சங்கிலி. ஐந்து மீட்டர் ஆழத்துக்கு ஐந்து மீட்டர் சங்கிலி போதாது, நாலைந்து மடங்கு வேண்டும். அவ்வளவு நீளமாகக் கட்டிய படகு காற்று மாறும்போதெல்லாம் கயிற்றில் கட்டிய மாடு போல வட்டமடிக்கும். பக்கத்துப் படகின் வட்டமும் நம் வட்டமும் இடித்துக்கொண்டால் தினமும் பஞ்சாயத்துதான்.

வாசல் தூர்ந்துபோகும் துறைமுகங்களும் உண்டு. புதுச்சேரி தேங்காய்த்திட்டு துறைமுக முகத்துவாரத்தில் மணல் அடைப்பதும், மீனவர்கள் தூர்வாரக் கேட்டுப் போராடுவதும் அடிக்கடி வரும் செய்தி. உள்ளே எவ்வளவு வசதி இருந்தால் என்ன, வாசலைத் தாண்ட முடியவில்லை என்றால்?

மேற்குக் கரைக்காரர்கள் இந்த விஷயத்தில் கொடுத்து வைத்தவர்கள். கொச்சியில் காயல், கோவாவில் மாண்டவி ஆறு. வெளியே தென்மேற்குப் பருவமழை வெளுத்து வாங்கினாலும் உள்ளே படகு தொட்டில்போல ஆடிக்கொண்டிருக்கும். நன்னீர் கலந்திருப்பதால் மரத்தைத் துளைக்கும் கடல் புழுவின் தொல்லையும் குறைவு. அடியில் கொட்டலசு ஒட்டுவதும் மட்டுப்படும். கொச்சியில் போல்காட்டித் தீவில் யாட்களுக்கென்றே ஒரு மெரினா இருக்கிறது. கடற்படையின் 'தாரிணி' படகில் ஆறு பெண் அதிகாரிகள் 2017 செப்டம்பரில் உலகம் சுற்றக் கிளம்பியதும், 2018 மே மாதம் திரும்பி வந்து கயிறு கட்டியதும் கோவாவில்தான்.

இடம் மாறுவதில் எல்லோரையும் மிஞ்சிய தமிழ்க் கலம் ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட பாய்மரக் கப்பல் 'அன்னபூரணி அம்மாள்'. சின்னப் பாய்மரப் படகில் ஏற்கெனவே உலகைச் சுற்றி வந்திருந்த வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் அதைப் பார்த்தார், பிடித்துப்போனது, வாங்கிவிட்டார். தன் மனைவியின் பெயரைக் கப்பலுக்கு வைத்தார், 'புளோரன்ஸ் சி. ராபின்சன்'. ஆனால், அதை ஓட்டிச் செல்ல வல்வெட்டித்துறைக்காரர்களே தேவைப்பட்டார்கள். அந்தக் கயிறும் பாயும் அவர்கள் கைக்குத்தான் அடங்கும். சூயஸ் கால்வாய், மத்திய தரைக்கடல், அட்லாண்டிக் என்று கடந்து, 1938 ஆகஸ்டில் அந்தக் கப்பல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள குளோஸ்டர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. காட் மீன் பிடிக்கும் படகுகள் நிற்கும் அந்தத் துறையில், வேட்டி கட்டிப் பழகிய வடமராட்சி மாலுமிகள் கயிற்றை எறிந்து கட்டினார்கள்.