பழைய புத்தகம் யாருக்குச் சொந்தம்?

புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் ஒரு நூலகம் இருக்கிறது. அதன் பெயர் "ஞானாலயா". சர்க்கார் கட்டியது அல்ல. ஒரு கணவரும் மனைவியும் சேர்த்த நூலகம் அது.

கிருஷ்ணமூர்த்தி பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர் மனைவி டோரதி அம்மாள் கல்லூரிப் பேராசிரியையாக இருந்தவர். இருவரும் சொந்தப் பணத்தைப் போட்டுப் புத்தகம் சேர்த்தார்கள். ஒரு லட்சத்துக்கும் குறையாமல் சேர்ந்துவிட்டது! எங்கும் கிடைக்காத முதல் பதிப்புகள், நின்று போன பத்திரிகைகள் எல்லாம் அதில் உண்டு.

இப்படிப்பட்ட நூலகங்களுக்கு ஓர் ஆபத்து இருக்கிறது. திருடன் அல்ல, காகிதம்!

அப்பளம் போல் நொறுங்கும்

மரக்கூழில் செய்த பழைய காகிதத்தில் அமிலம் உண்டு. நாளாக ஆக அதுவே காகிதத்தை அரிக்கும். தாள் பழுப்பாகும். விரல் பட்டால் அப்பளம் போல் நொறுங்கும்.

ஒரே ஒரு பிரதி இருந்து, அதுவும் அழிந்தால் என்ன ஆகும்? 1981-ம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் அது நடந்தது. பொது நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். சுமார் 97 ஆயிரம் நூல்கள் எரிந்தன. வேறு எங்கும் இல்லாத ஓலைச் சுவடிகளும் சாம்பலாயின. போனது போனதுதான்.

இன்று இதற்கு வழி இருக்கிறது. பக்கம் பக்கமாகப் படம் பிடித்துக் கணினியில் சேர்த்து வைக்கலாம். காகிதம் போனாலும் எழுத்து நிற்கும். திருநெல்வேலியில் இருக்கும் மாணவி பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்கு வர வேண்டாம். வீட்டில் இருந்தே படிக்கலாம்.

அப்படியானால் செய்ய வேண்டியதுதானே? செய்யலாம். ஆனால் குறுக்கே சட்டம் நிற்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

காப்புரிமைச் சட்டம் 1957-ல் வந்தது. புத்தகம் எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை உரிமை அவருக்கு. அவர் இறந்த பிறகு 60 ஆண்டுகள் வாரிசுகளுக்கு. அதன் பின் ஊருக்குப் பொது.

முன்பு இது 50 ஆண்டுகளாக இருந்தது. கவி தாகூர் 1941-ல் காலமானார். அவர் நூல்களின் உரிமை 1991 கடைசியில் முடிய இருந்தது. அந்த நேரத்தில்தான் பத்து ஆண்டு கூட்டினார்கள். 1992-ல் அது சட்டமாயிற்று.

நம் மாவட்டத்துப் பெருங்களூரில் பிறந்தவர் நாவலாசிரியர் அகிலன். "சித்திரப்பாவை" எழுதி ஞானபீடப் பரிசு பெற்றவர். 1988-ல் மறைந்தார். சட்டக் கணக்குப்படி அவர் நூல்களுக்கு 2048 முடியும்வரை உரிமை உண்டு.

இதில் தவறே இல்லை. நெல் விளைவித்தவனுக்கு நெல்லில் பங்கு உண்டு. எழுத்து விளைவித்தவனுக்கு எழுத்தில் பங்கு உண்டு. கடையில் விற்கும் புதுப் புத்தகத்தைப் படம் பிடித்து, செல்போனில் நாலு பேருக்கு அனுப்புகிறார்களே, அது திருட்டுத்தான். "புத்தகத் திருட்டு பாவம் இல்லை" என்று சிலர் சிரிக்கிறார்கள். எழுதியவன் அடுப்பைப் பார்த்தால் சிரிப்பு வராது.

அநாதைப் புத்தகங்கள்

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

1950-ல் ஒரு சின்ன அச்சுக்கூடத்தில் அச்சான புத்தகம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். அச்சுக்கூடம் மூடிவிட்டது. எழுதியவர் எப்போது இறந்தார் என்று தெரியாது. பிள்ளைகள் எங்கே என்றும் தெரியாது. அந்தப் புத்தகத்தை விற்பாரும் இல்லை. உரிமை கேட்பாரும் இல்லை. 60 ஆண்டுகள் முடிந்தனவா? யார் சொல்வது?

இப்படிப் பெற்றவர் தெரியாத புத்தகங்கள்தான் நூலகரைத் திகைக்க வைக்கின்றன.

2012-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். லாபம் கருதாத பொது நூலகம், தன்னிடம் உள்ள புத்தகத்தைப் பாதுகாப்பதற்காகக் கணினியில் சேர்த்து வைக்கலாம். நல்ல திருத்தம்தான். ஆனால் சேர்த்து வைக்கத்தான் அனுமதி. உலகத்துக்குத் திறந்து காட்ட அல்ல. பெட்டியில் பூட்டிய நகை மாதிரி!

ஆசிரியரைக் கண்டுபிடிக்க முடியாத நூலை வெளியிட வேண்டுமானால் அதற்கும் வழி சொல்லியிருக்கிறார்கள். இங்கிலீஷ் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்க வேண்டும். கோர்ட்டுக்கு மனுப்போட வேண்டும். முக்கால் ரூபாய்ப் புத்தகத்துக்கு இத்தனை செலவா? ஆயிரம் புத்தகம் இருந்தால் ஆயிரம் மனுவா? சின்ன நூலகம் என்ன செய்யும்?

இன்னொரு சந்தேகமும் உண்டு. சட்டம் "பொது நூலகம்" என்கிறது. தனி மனிதர் சேர்த்து, மக்களுக்குத் திறந்துவிட்ட நூலகம் அதில் சேருமா? சேரும் என்று சட்டத்திலேயே தெளிவாக எழுத வேண்டும்.

பாரதி காட்டிய வழி

இதற்கு நம்மிடமே முன்மாதிரி இருக்கிறது. பாரதியார் பாடல்களின் உரிமை ஒருகாலத்தில் தனியார் கையில் இருந்தது. 1949-ல் சென்னை அரசாங்கம் அதை வாங்கியது. பிறகு நாட்டுக்கே பொதுவாக்கியது. அதன் பின் பல தமிழ் எழுத்தாளர்களின் நூல்களை அரசு நாட்டுடைமை ஆக்கியது. வாரிசுகளுக்குப் பரிவுத் தொகையும் கொடுத்தது. எழுதியவர் குடும்பமும் வாழ்ந்தது, புத்தகமும் வாழ்ந்தது.

பேர் பெற்றவர்களுக்குச் செய்ததைப் பேர் தெரியாதவர்களுக்கும் செய்யலாமே! கடையில் கிடைக்காத, உரிமையாளர் தெரியாத பழைய நூலை, நூலகம் கணினியில் எல்லாருக்கும் காட்டலாம் என்று சட்டம் சொல்லட்டும். பின்னால் உண்மையான வாரிசு வந்தால் நூலை எடுத்துவிடட்டும். அல்லது நியாயமான தொகை கொடுக்கட்டும். யாருக்கும் நஷ்டம் இல்லை.

மின்நூலை நம்பலாமா?

"இனி எல்லாம் மின்நூல்தானே" என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 2009-ல் அமெரிக்காவில் அமேசான் கம்பெனி, காசு கொடுத்து வாங்கியவர்களின் கருவியில் இருந்தே சில நூல்களை அழித்துவிட்டது. விற்றவருக்கு உரிமை இல்லையாம்! பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனாலும் படித்துக்கொண்டிருந்த புத்தகம் போய்விட்டது.

அச்சுப் புத்தகத்தை வாங்கினால் அது நூலகத்தின் சொத்து. மின்நூலில் பெரும்பாலும் படிக்க அனுமதிதான், சொத்து அல்ல. ஆகவே நூலகங்கள் நிரந்தரமாக வைத்துக்கொள்ளும்படி மின்நூலை விற்க வேண்டும் என்று அரசாங்கம் கேட்க வேண்டும்.

நாம் செய்யக் கூடியது

சட்டம் மாறும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். உங்கள் தாத்தாவோ பாட்டியோ புத்தகம் எழுதியவரா? உரிமை உங்களிடம் இருந்தால், "இதை எல்லாரும் படிக்கலாம்" என்று நூலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். ஒரு காகிதம் போதும். ஒரு புத்தகம் பிழைக்கும்.

பரணில் பழைய புத்தகம் கிடக்கிறதா? பழைய பேப்பர்காரரிடம் எடை போடாதீர்கள். கிலோவுக்குச் சில ரூபாய் வரும். ஆனால் அது தமிழ்நாட்டில் மிஞ்சியிருக்கும் ஒரே பிரதியாக இருக்கலாம். நூலகரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

எழுதியவனுக்குக் கூலி கிடைக்க வேண்டும். படிப்பவனுக்குப் புத்தகம் கிடைக்க வேண்டும். இரண்டையும் காப்பதுதான் நல்ல சட்டம்.