வைக்கோலுக்குள் இருக்கும் சீனி ஹராமா?



வைக்கோலில் இருந்து எதனோல் எடுப்பதைப் படிப்பித்தால், "இது சாராயம் காய்ச்சும் படிப்பா?" என்று வீட்டில் கேட்கிறார்களாம். தொழினுட்பப் பிரிவை விட்டுக் கலைப்பிரிவுக்கு மாறப் படிவம் கேட்டு வரும் பெற்றோரையும் பன்விலப் பக்கத்தில் நாம் காண்கிறோம். பேணுதல் நல்லதுதான். ஆனால் விசயம் என்னவென்று பார்த்துவிட்டுப் பேணுவோமே.

வைக்கோலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு செலுலோசு. குளுக்கோசு மணிகள் கோத்த நீண்ட சங்கிலி அது. சோற்றிலுள்ள மாப்பொருளும் குளுக்கோசுச் சங்கிலிதான், பிணைப்புத்தான் வேறு. அதனால் சோறு நமக்குச் செமிக்கிறது, வைக்கோல் செமிப்பதில்லை. மாட்டுக்குச் செமிப்பதுகூட அதன் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்களின் தயவில்தான்.

இரண்டாம் உலகப் போரில் சொலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்களை ஒரு பூஞ்சணம் தின்று தீர்த்தது. டிரைக்கோடெர்மா ரீசெய் என்பது அதன் பெயர். அந்தச் சங்கிலியை அறுக்கும் நொதியத்தை இன்றும் ஆலைகளுக்குத் தருவது அதன் வழிவந்த வகைகள்தான். மரத்தூள் பையில் சிப்பிக்காளான் வளர்க்கும் நமது சகோதரிகளும் இதே வேலையைத்தான் காளானிடம் வாங்குகிறார்கள். அதை யாரும் ஹராம் என்று சொன்னதில்லை!

சீனி வந்த பிறகு அதை என்ன செய்வதென்பது மனிதன் கையில். ஒருவகை பக்றீரியாவை இட்டால் இலக்றிக் அமிலம், அதிலிருந்து உக்கும் பிளாஸ்ரிக். மதுவம் இட்டால் எதனோல். (பாண் மாவைப் பொங்க வைப்பதும் அந்த மதுவம்தான்.) 2022 ஓகஸ்ட் 10 இல் இந்தியாவின் பானிபத்தில் திறந்த ஆலை, ஆண்டுக்கு 2 இலட்சம் தொன் வைக்கோலில் இருந்து சுமார் 3 கோடி லீற்றர் எதனோல் எடுத்துப் பெற்றோலில் கலப்பதற்கென்று கட்டப்பட்டது. அதே மாதம் நாம் கியூஆர் காட்டிப் பெற்றோலுக்கு வரிசையில் நின்றோம்.

இலேசான வேலை என்று சொல்ல வரவில்லை. செலுலோசைச் சுற்றியுள்ள இலிக்னினைத் தளர்த்தச் சூடும் இரசாயனமும் வேண்டும், நொதியமும் விலை கூட. வைக்கோலும் குப்பையல்ல. நெல் உறிஞ்சும் பொட்டாசியத்தில் பெரும்பங்கு அதிலேயே தங்குகிறது. 2021 இல் பசளையில்லாமல் பட்ட பாடு மறக்குமா? வயலுக்குப் போக மிஞ்சி, நெருப்பு வைக்கப்படுவதை மட்டுமே ஆலைக்குக் கேட்க வேண்டும் என்பது நமது கருத்து. அந்தக் கணக்கைப் போடவும் படித்த பிள்ளைகள் வேண்டும்.

எரிபொருள் எதனோல் பற்றிச் சந்தேகம் இருந்தால் ஜும்ஆவுக்குப் பிறகு ஆலிம்களிடம் கேட்போம், பாட ஆசிரியரையும் கூட்டிக்கொண்டு போவோம். படிவத்தில் கையெழுத்து வைப்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.