பொட்டு எங்கே போச்சு?

ஒரு போட்டோவைக் கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள். ஒரு பட்டனைத் தட்டுங்கள். அஞ்சு கட்டம் வரும். கட்டத்துக்கு ஒன்றாக அஞ்சு கலர். 'இதுதான் செட்டிநாட்டின் நிறம்', 'இதுதான் காஞ்சிபுரத்தின் நிறம்' என்று ஒரு பெயரை வைத்து, கல்யாணப் பத்திரிகையிலிருந்து ஜவுளிக்கடை போர்டு வரைக்கும் பூசிவிடலாம். வேலை முடிஞ்சுது. பில் போடலாம்!

இந்தப் பழக்கத்தைத்தான் இந்த வாரம் கொஞ்சம் திட்டப் போகிறேன். நீங்கள் டிசைன் செய்கிறவர் என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள். டிசைனுக்குக் காசு கொடுக்கிறவர் என்றால் கட்டாயம் படியுங்கள்.

முதலில், அந்த மெஷின் கலரை எப்படிப் பொறுக்குகிறது? போட்டோ என்பது புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. பெருக்கினால் 1,67,77,216 கலர் சாத்தியம். மெஷின் என்ன செய்கிறது? கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும் புள்ளிகளை ஒரு கூட்டமாகப் பிரிக்கிறது. கூட்டத்துக்கு ஒரு சராசரி எடுக்கிறது. அதைக் கட்டத்தில் போடுகிறது. அவ்வளவுதான்.

இந்தக் கணக்கில் ரொம்பப் பிரபலமான ஒன்றை பால் ஹெக்பர்ட் என்பவர் 1982-ல் எழுதினார். எதற்காக? அன்றைய கம்ப்யூட்டர்களில் பல, ஒரே நேரத்தில் 256 கலர்தான் காட்டும். லட்சக்கணக்கான கலர் உள்ள படத்தை அந்த 256-க்குள் ஒப்பேற்ற வேண்டும். ஆக, இது பற்றாக்குறையில் பிறந்த கணக்கு. ரேஷன் கடைக் கணக்கு! அதைக் கொண்டுவந்து கல்யாண விருந்துக்கு மெனு போடச் சொன்னால் எப்படி?

நான் பி.காம். படித்தவன். சராசரி என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் பயம். பத்துப் பேர் இருக்கும் தெருவில் ஒருத்தர் மாசம் ஒரு லட்சம் சம்பாதிக்கிறார், மீதி ஒன்பது பேருக்கு வேலையே இல்லை. சராசரி வருமானம் தலைக்குப் பத்தாயிரம். அந்தத் தெருவில் பத்தாயிரம் சம்பாதிக்கிற ஆள் ஒருத்தர்கூடக் கிடையாது. கலரிலும் இதே கதைதான். சுத்தச் சிவப்பையும் சுத்தப் பச்சையையும் சரிபாதி சேர்த்துச் சராசரி எடுங்கள். அழுக்குப் பாசி நிறம் ஒன்று வரும். படத்தில் அது எங்கேயுமே இல்லை!

இன்னொன்று. பச்சைப் புடவை கட்டிய ஒரு பாட்டி, மஞ்சள் சுவர் முன்னால் நிற்கிறார். நெற்றியில் அகலமாகக் குங்குமப் பொட்டு. அந்தப் படத்தைப் பார்த்ததும் உங்கள் கண் எங்கே போகும்? பொட்டுக்குத்தான். படத்துக்கு உயிரே அதுதான். ஆனால் இருபது லட்சம் புள்ளியில் பொட்டுக்குச் சேர்ந்தது ஒரு ஆயிரம் இருக்குமா? மெஷின் ஓட்டு எண்ணுகிறது. சுவருக்கு மெஜாரிட்டி. புடவை எதிர்க்கட்சி. பொட்டுக்கு டெபாசிட் காலி. அஞ்சு கட்டத்தில் சுவரின் வெளிச்சம், சுவரின் நிழல், புடவையின் வெளிச்சம், புடவையின் நிழல், கொஞ்சம் தோல் நிறம்... பொட்டு எங்கே போச்சு?

'சார், கணக்கு தப்பாக இருக்கலாம். போட்டோ பொய் சொல்லுமா?' என்று கேட்பீர்கள். சொல்லும். பெரும்பாலான டிஜிட்டல் கேமராக்களில் ஒரு புள்ளி ஒரே ஒரு நிறத்தைத்தான் அளக்கிறது. பாதிப் புள்ளிகள் பச்சையை, கால்வாசி சிவப்பை, கால்வாசி நீலத்தை. மீதி இரண்டு நிறத்தையும் பக்கத்துப் புள்ளிகளை எட்டிப் பார்த்துக் கேமரா ஊகித்துக்கொள்கிறது. 1976-ல் கோடாக் கம்பெனியின் பிரைஸ் பேயர் பேட்டன்ட் வாங்கிய ஏற்பாடு இது. அதற்கு மேல், 'இந்த வெளிச்சத்தில் வெள்ளை எது?' என்பதையும் கேமராவே முடிவு செய்கிறது. டியூப் லைட்டில் ஒரு முடிவு, மஞ்சள் பல்பில் ஒரு முடிவு.

2015 பிப்ரவரியில் உலகமே ஒரு கவுன் போட்டோவை வைத்துச் சண்டை போட்டதே, ஞாபகம் இருக்கிறதா? பாதிப் பேர் நீலமும் கறுப்பும் என்றார்கள். பாதிப் பேர் வெள்ளையும் தங்கமும் என்றார்கள். நிஜத்தில் துணி அடர் நீலம், கறுப்பு. ஆனால், அந்தப் போட்டோவைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கலரைத் தொட்டு எடுத்தால் வருவது வெளிறிய நீலமும் ஒரு பழுப்பும்! கடையில் தொங்கிய துணியில் அந்த இரண்டு நிறமும் இல்லை.

சரி, ஒரு கவுன்தானே, போகட்டும். நம் ஊர் விஷயத்துக்கு வாருங்கள். மயில் கழுத்துக் கலர் பட்டுப் புடவை தெரியும் இல்லையா? பாவு ஒரு கலர், ஊடை வேறு கலர். நேராகப் பார்த்தால் நீலம் தெரியும். சாய்த்தால் பச்சை மினுக்கும். நடந்தால் இரண்டும் மாறி மாறி ஓடும். அது ஒரு கலரே இல்லை, ஒரு நடமாட்டம். போட்டோவில் விழுவது ஒரு கோணம் மட்டும். அதிலிருந்து ஒரு எண்ணைப் பிடுங்கி, 'மயில் கழுத்து' என்று எழுதுகிறார்கள். பிறகு அந்த எண்ணுக்குப் பொருந்துகிற மாதிரி கேட்டலாக் படத்தையே திருத்துகிறார்கள். பக்கம் ஒரே சீராக, அழகாக இருக்கும்.

பார்சல் வீட்டுக்குப் போகும். பிரித்துப் பார்த்தவர், 'படத்தில் இருந்த கலர் இல்லையே' என்று திருப்பி அனுப்புவார். நஷ்டம் யாருக்கு? டிசைனருக்கு இல்லை, அவர் எப்போதோ பில் வாங்கிவிட்டார். மாசக்கணக்கில் பணம் முடங்கிக் கிடக்கப் போவது சின்னக் கடைக்காரருக்கும், அவருக்கு நெய்து கொடுத்த தறிக்காரருக்கும். என் கோபம் இங்கேதான். கலர் என்பது ரசனை சமாசாரம் மட்டும் இல்லை ஐயா, அது ஒருத்தருடைய உழைப்பு.

அந்த உழைப்புக்குப் பெயரும் உண்டு. அரக்கு, மாந்தளிர், வாடாமல்லி, கத்திரிப்பூ, வெங்காயக் கலர், ராமர் பச்சை... காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் எம்.எஸ்.சுப்புலட்சுமிக்காக உண்டாக்கிய நீலத்துக்கு 'எம்.எஸ். புளூ' என்றே பெயர் நின்றுவிட்டது. பாட்ரிக் சைம் என்ற ஸ்காட்லாந்து ஓவியர் 1814-ல் போட்ட நிறப் புத்தகத்தில், ஒவ்வொரு நிறமும் எந்தப் பறவையில், எந்தப் பூவில், எந்தக் கல்லில் இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து எழுதினார். டார்வின் தன் கப்பல் பயணத்தில் அந்தப் புத்தகத்தைக் கையோடு வைத்திருந்தார். பார்த்துப் பெயர் வைப்பது அப்படிப்பட்ட வேலை. நாம் என்னடா என்றால் ஆறு இலக்கக் குறியீட்டைக் காப்பி அடித்துக்கொண்டிருக்கிறோம்.

'அப்ப போட்டோவையே பார்க்கக் கூடாதா?' தாராளமாகப் பாருங்கள். ஆனால், போட்டோ சாட்சி சொல்லட்டும். தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

எப்படி? படம் எடுக்கும்போது ஓரத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தை வையுங்கள். பின்னால் வெள்ளையைச் சரிசெய்ய அது கைகொடுக்கும். நேர் வெயில் வேண்டாம், வெளிச்சமான நிழல் போதும். மெஷின் கொடுத்த அஞ்சைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு கண்ணை இடுக்கிக்கொண்டு படத்தைப் பாருங்கள். முதலில் இழுப்பது எதுவோ, அதை உங்கள் கையால் தொட்டு எடுங்கள். எந்தக் கலர் எவ்வளவு என்ற அளவையும் எழுதுங்கள். பொட்டின் சிவப்பைச் சுவர் முழுக்க அடித்தால் அது பொட்டு இல்லை. எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வித்தியாசம் போதுமா என்று பாருங்கள். சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1 என்பது இணையப் பக்கங்களுக்கான உலக அளவுகோல். அச்சுக்குப் போகிறதென்றால் ஒரு புரூஃப் எடுங்கள். திரையில் ஒளியாக ஜொலிக்கிற நீலமும் பச்சையும் நாலு மையில் இறங்கும்போது மங்கிவிடும்.

எல்லாவற்றையும் விட முக்கியம்... ஒரு துண்டு நூலை, ஒரு ஓட்டுச் சில்லை, ஒரு காய்ந்த இலையைக் கையில் வாங்கிவந்து திரைக்குப் பக்கத்தில் வையுங்கள். கொடுத்தவரிடம் 'இந்தக் கலருக்கு நீங்க என்ன பேர் சொல்லுவீங்க?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

நீங்கள் காசு கொடுக்கிறவரா? அடுத்த தடவை உங்கள் முன்னால் அஞ்சு கட்டத்தை நீட்டினால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 'தம்பி, இந்தப் பொருளை நீங்க நேர்ல பார்த்தீங்களா?'

பதில் வரத் தாமதமானால், பில்லையும் கொஞ்சம் தாமதமாகக் கொடுங்கள்.