அன்று கச்சேரி வாயிலில்; இன்று நகரசபை வாயிலில்

ஒழுங்கை முடக்கிலே ஒரு தெருவிளக்கு. அது எரிந்து பல மாதங்களாயின. மாலை வகுப்பு முடிந்து அவ்வழியே வரும் பெண்பிள்ளைகள் அஞ்சி அஞ்சி நடக்கின்றனர். மழை பெய்தால் வீதி எது, வெள்ளவாய்க்கால் எதுவென்று தெரிவதில்லை. அயலவர் எல்லோரும் அதைப்பற்றிப் பேசுகின்றனர். யாரிடம் சொல்வது என்று கேட்டால், ஒருவர் விதானையாரிடம் சொல் என்கிறார். மற்றொருவர் மின்சார சபைக்கு அறிவி என்கிறார். மூன்றாமவர், தமக்குத் தெரிந்த உறுப்பினர் ஒருவரைப் பிடித்தாற் காரியம் முடியும் என்கிறார். விளக்கோ எரியாமலே நிற்கிறது.

இனத்தின் பெரும் பிரச்சினைகள் தீராதிருக்கும்போது தெருவிளக்கைப் பற்றி எழுதுவதா என்று சிலர் நம்மைக் கேட்கக்கூடும். நாம் அவ்வாறு எண்ணவில்லை. அதிகாரம் வேண்டும், சுயாட்சி வேண்டும் என்று எழுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டு வரும் ஓர் இனம், ஏற்கெனவே தன் கைக்கு வந்துள்ள சிறிய அதிகாரத்தை எவ்வாறு ஆளுகிறது என்று நண்பரும் பார்க்கின்றனர், பகைவரும் பார்க்கின்றனர். அன்றியும், சாதாரணக் குடிமகன் அரசாங்கத்தை நேருக்கு நேர் காணும் இடம் நாடாளுமன்றம் அன்று. நகரசபைக் கந்தோரில், லிகிதரின் மேசைக்கு முன்னாலேதான் அவன் அதைக் காண்கிறான். அந்த மேசையருகே அவனுக்குக் கிடைக்கும் மரியாதையே இந்நாட்டில் அவனுக்குள்ள மரியாதை.

1961 ஆம் ஆண்டு பெப்ரவரி 20 ஆம் நாள் யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில் நம் மக்கள் அமர்ந்ததை இத்தருணத்தில் நினைவுகூர்கின்றோம். அவர்கள் கேட்டது பொன்னுமன்று, பொருளுமன்று. அரச கருமங்களைத் தம் தாய்மொழியில் ஆற்றும் உரிமையையே கேட்டனர். அடிபட்டனர், இழுத்தெறியப்பட்டனர், ஏப்ரலில் அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டு, தலைவர்கள் பனாகொடை இராணுவ முகாமில் தடுத்துவைக்கப்பட்டனர். இவ்வளவும் எதற்காக? ஒரு விண்ணப்பத்தைத் தமிழில் எழுதி, தமிழில் விடை பெறுவதற்காக! அன்று வாயிலில் அமர்ந்தவர்கள் உரிமையாளராய் அமர்ந்தனர். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாகிய நாம் இன்று நகரசபை வாயிலிற் கைகட்டி நின்று தயவு கேட்கின்றோம். இந்த வீழ்ச்சி எவ்வாறு நேர்ந்தது?

முதலிற் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. 1958 இல் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. அதற்கான பிரமாணங்கள் 1966 வரை வரவில்லை. 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்றது. 1988 இல் 16 ஆவது திருத்தம் இரு மொழிகளும் நாடெங்கும் நிருவாக மொழிகள் என்றது. வடக்கிலும் கிழக்கிலும் அரச பதிவேடுகள் தமிழிற் பேணப்படல் வேண்டும். ஏனைய மாகாணங்களிலும் ஒருவர் தமிழிலே எந்த உத்தியோகத்தருடனும் கருமமாற்றலாம். தமிழிலே விடை பெறலாம். பதிவேடுகளின் பிரதியையோ மொழிபெயர்ப்பையோ தமிழிற் கேட்டுப் பெறலாம். யாழ்ப்பாணத்தில் வாழும் சிங்களவருக்கும் இதே உரிமை சிங்களத்தில் உண்டு. அது நியாயமே. நமக்கு வேண்டுமென்று கேட்பதைப் பிறர்க்கு மறுப்பது நம் வழக்கமன்று.

இவ்வுரிமை மீறப்பட்டால் 1991 ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்யலாம். மொழியுரிமை மீறலுக்காக ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றத்தை நாடவும் அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரை வழிவிட்டிருக்கிறது. ஏட்டிலே எல்லாம் உண்டு. ஆனால், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? தமிழ் பேசும் மக்கள் பெருந்தொகையினராய் வாழும் கொழும்பிலே, தமிழில் எழுதிய விண்ணப்பத்தைக் கண்டு, தமிழ் தெரிந்தவர் இன்று லீவு, நாளை வாருங்கள் என்று சொல்லும் நிலை அற்றுவிட்டதென்று எவராவது நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? சாமி வரங் கொடுத்தும் பூசாரி வரங் கொடாத கதையாக அன்றோ இது முடிந்திருக்கிறது!

மலைநாட்டிலே நிலைமை இதனினும் இழிவாக இருந்தது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் தோட்டங்களுக்குள்ளே சபையின் பணத்தைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. தோட்டத் தொழிலாளர் வாக்களித்தார்கள். உறுப்பினரைத் தெரிவு செய்தார்கள். ஆனால் அவ்வுறுப்பினர் லயத்துக்குச் செல்லும் பாதைக்கு ஒரு கூடை கல் கொட்டச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, 2018 இலேதான் அச்சட்டம் திருத்தப்பட்டது. கதவு திறந்தபின்னும் உள்ளே செல்ல அஞ்சி நிற்பார்களாயின், திறந்ததனாற் பயன் என்ன?

இனி, நம் நெஞ்சையே நாம் தொட்டுப் பார்க்கவேண்டிய இடத்துக்கு வருகின்றோம். கொழும்பிலிருந்து சிங்களத்தில் ஒரு கடிதம் வந்தாற் கொதித்தெழுகின்றோம். கொதிப்பது முறையே. ஆனால், நம்மவர் ஆளும் சபையிலே, நம்மவராகிய உத்தியோகத்தர், நல்ல தமிழிலேயே, இன்று போய் நாளை வா என்று ஓர் ஏழைக் கிழவியைத் திருப்பியனுப்பும்போது நாம் ஏன் மௌனஞ் சாதிக்கின்றோம்? அந்தக் கிழவிக்கு நேர்ந்த அவமானம் தமிழிற் சொல்லப்பட்டதனால் இனித்துவிடுமா? மொழியுரிமை என்பது மறுப்பைத் தாய்மொழியிற் கேட்கும் உரிமையன்று. கருமம் நிறைவேற வேண்டும். அதுவும் காலத்தில் நிறைவேற வேண்டும்.

இந்நோய்க்குக் காரணம் இரண்டு. ஒன்று அறியாமை; மற்றது இடைத்தரகு. முன்னது இருக்கும்வரை பின்னது தழைக்கும்.

எந்தக் கருமம் எந்தக் கந்தோருக்கு உரியது என்பதே நம்மிற் பலருக்குத் தெரியாது. பிறப்பு, விவாக, மரணச் சான்றிதழ்களின் பிரதிகளுக்குப் பிரதேச செயலகம் செல்லவேண்டும். அடையாள அட்டை விண்ணப்பம் கிராம அலுவலர் வழியாகத் தொடங்கும். குழாய்நீர் பெரும்பாலான இடங்களில் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பொறுப்பு. பெரிய வீதிகள் சில வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சில மாகாணத் திணைக்களத்துக்கும் உரியவை. ஆனால், ஊர் ஒழுங்கைகள், தெருவிளக்குகள், குப்பை அகற்றல், வெள்ளவாய்க்கால் துப்புரவு, சந்தை, பொது நூலகம், மயானம், வியாபார உரிமம், கட்டட அனுமதி, காணி வீதியெல்லைக்குள் அகப்படவில்லை என்னும் சான்றிதழ் ஆகியவை நகரசபை, மாநகரசபை, பிரதேசசபை என்பவற்றின் கடமைகள். தெருவிளக்குக்கு மின்சாரம் தருவது மின்வழங்கல் நிறுவனம். அவ்விளக்கை எரியச் செய்யும் கடமையோ உள்ளூராட்சிச் சபையுடையது. இதை அறியாதவனைப் பந்துபோல் ஒரு கந்தோரிலிருந்து மறு கந்தோருக்கு உதைப்பது எளிது.

கடமை என்று நாம் சொல்வது வெறும் அலங்காரச் சொல்லன்று. நாம் சோலைவரி இறுக்குகின்றோம். ஆண்டு முழுவதற்குமான வரியை ஜனவரி 31 இற்கு முன் செலுத்தினால் 10 வீதமும், காலாண்டு வரியை அக்காலாண்டின் முதல் மாதத்திற் செலுத்தினால் 5 வீதமும் கழிவு உண்டு. இது நம்மிற் பலர் கேட்டுப் பெறாத சலுகை. வீட்டின் பெறுமதி மிகையாகக் கணிக்கப்பட்டதென்று தோன்றினால், அறிவித்தலிற் குறித்த காலத்துள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம். விசாரித்துத் தீர்ப்புச் சொல்லவேண்டியது சபையின் பொறுப்பு. காலங்கடந்தபின் தேநீர்க்கடையிலே முறையிட்டுப் பயனில்லை.

வரி இறுத்தவன் விளக்குக் கேட்பது பிச்சையா? கடைக்காரனிடம் காசு கொடுத்து அரிசி கேட்பவன் கைகட்டி நிற்கின்றானா? அவ்வாறிருக்க, நகரசபையில் மாத்திரம் குடிமகன் கூனிக் குறுகி நிற்பதேன்? ஓர் உறுப்பினரின் சிபாரிசினால் ஒரு விளக்கு எரிந்தால், அவ்விளக்கின் வெளிச்சத்திலே அவருடைய முகந்தான் தெரியும். மக்களின் உரிமை தெரியாது. அடுத்த தேர்தலில் அதே விளக்கைக் காட்டி அவர் வாக்குக் கேட்பார். சிபாரிசு செய்ய ஆளில்லாத ஒழுங்கையோ என்றும் இருளில் கிடக்கும். அந்த ஒழுங்கையிலே வாழ்பவர்கள் யார் என்று நாம் சொல்லவேண்டுமா? கூலிவேலை செய்வோரும், போரிலே குடும்பத் தலைவனை இழந்த பெண்களும், சாதியின் பேரால் ஒதுக்கப்பட்டோருமே அங்கு வாழ்கின்றனர்.

ஆகவே, சிபாரிசைத் தேடி அலைவதை விடுத்து எழுத்தை நாடுங்கள் என்பதே நாம் வாசகர்களுக்குச் சொல்வது. முறைப்பாட்டைத் தாளில் எழுதுங்கள். திகதி இடுங்கள். பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். கையளித்ததற்கு முத்திரையிட்ட பற்றுச்சீட்டோ, பிரதியிலே கையொப்பமோ பெறாமற் கந்தோரை விட்டு வெளியேறாதீர்கள். எந்தத் திணைக்களத்தை நாடுவதென்று தெரியாதவிடத்து, 1919 என்னும் அரச தகவல் நிலையத் தொலைபேசியிலே தமிழிற் கேட்டறியலாம்.

விடை வராவிட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2017 பெப்ரவரி 3 ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தின்படி, எந்தக் குடிமகனும் காரணங் கூறாமலே தகவல் கேட்கலாம். எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகக் கேட்டால் உத்தியோகத்தர் அதை எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலைநாட்களுள் முடிவு அறிவிக்கப்படல் வேண்டும். மறுத்தால் 14 நாட்களுள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடமும், அதன்பின் இரண்டு மாதங்களுள் ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். எங்கள் வட்டாரத்திலே சென்ற ஆண்டு எத்தனை தெருவிளக்குகள் திருத்தப்பட்டன? எவ்வளவு பணம் செலவாயிற்று? எந்த ஒப்பந்தகாரர்? இந்த மூன்று வினாக்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துப் பாருங்கள். கைகட்டி நின்று கிடைக்காத விளக்கு கேள்வி கேட்டபின் எரியக் காண்பீர்கள்.

சபைகளின் பெறுமதியை நாம் அண்மையில் இழந்தே அறிந்தோம். 2018 இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச் 19 ஆம் நாள் முடிந்தது. அம்மாதம் 9 ஆம் நாள் நடந்திருக்கவேண்டிய தேர்தல், பணமில்லை என்னுங் காரணத்தால் நடைபெறவில்லை. மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டதென்று 2024 ஓகஸ்ட் 22 ஆம் நாள் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6 ஆம் நாள் தேர்தல் நடந்து புதிய சபைகள் அமையும் வரை, ஈராண்டுக்கு மேலாக, ஆணையாளரும் செயலாளருமே சபைகளை நடத்தினர். குப்பை அள்ளப்படவில்லையென்றால் யாரிடம் முறையிடுவது, யாரை அடுத்த தேர்தலிலே தண்டிப்பது என்று தெரியாதிருந்த காலம் அது. இப்போது மக்கள் பிரதிநிதிகள் மீண்டும் ஆசனங்களில் அமர்ந்துள்ளனர். ஆணையாளர் காலத்து மௌனம் அவர்கள் காலத்திலும் நீடிக்குமாயின், தேர்தல் எதற்கு? தெரிவு எதற்கு?

நம் சபைகளிடம் நாம் கேட்பன நான்கு. ஒவ்வொரு சேவைக்கும் வேண்டிய பத்திரங்கள் எவை, கட்டணம் எவ்வளவு, எத்தனை நாட்களில் முடியும் என்பவற்றை எழுதிய பலகை வாயிலிலே தொங்கவேண்டும். 2008 ஆம் ஆண்டிலேயே பொதுநிருவாகச் சுற்றறிக்கை ஒன்று இத்தகைய பிரசைகள் பட்டயத்தைக் கேட்டிருக்கிறது. தொங்கவிட்டுப் பின் மங்கவிடப்பட்ட பலகைகளைப் புதுப்பித்தாலே போதும். இரண்டாவது, எந்த முறைப்பாட்டுக்கும் இலக்கமிட்ட பற்றுச்சீட்டு வழங்கப்படல் வேண்டும். மூன்றாவது, முடியாதென்று சொல்வதாயின் காரணத்தை எழுத்திலே தரவேண்டும். நான்காவது, மாதந்தோறும் வந்த முறைப்பாடு எத்தனை, தீர்ந்தது எத்தனை என்று சபைக் கூட்டத்திலே வாசிக்கப்படல் வேண்டும். இவற்றுள் எதற்கும் கொழும்பின் அனுமதி தேவையில்லை. புதிய சட்டம் தேவையில்லை. பெரும் பணமும் தேவையில்லை. மனம் இருந்தாற் போதும்.

மக்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான். சபைக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. வரவுசெலவுத் திட்டம் மக்கள் பார்வைக்கு வைக்கப்படுவது. அங்கே செல்லுங்கள். உங்கள் வட்டாரத்து உறுப்பினர் என்ன பேசுகிறார், பேசாமலே எத்தனை கூட்டம் இருந்தெழுந்தார் என்று உங்கள் கண்ணாலே காணுங்கள். ஊர் கூடினாலன்றோ தேர் நகரும்?

கச்சேரி வாயிலில் அமர்ந்த அந்தத் தலைமுறை நமக்கு விட்டுச்சென்ற சொத்து, நிமிர்ந்து நின்று கேட்கும் துணிவு. அத்துணிவைச் சுயாட்சி கிடைக்கும் நாள்வரை பெட்டியிற் பூட்டி வைக்கவேண்டியதில்லை. நாளைக் காலையிலே, ஒழுங்கை முடக்கிலுள்ள அந்த எரியாத விளக்கைப் பற்றி ஒரு தாளில் எழுதிக்கொண்டு நகரசபைக் கந்தோருக்குச் செல்வோம். பற்றுச்சீட்டைக் கேட்போம். தரும்வரை நிற்போம்.