பாந்தன் மாப்பிள்ளை

போன ஞாயிற்றுக்கிழமை பாரிவாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு பெண்ணின் அப்பா வந்திருந்தார். காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் கேட்டார்: "தம்பி, மாசம் எவ்வளவு வரும்?"

நான் பி.காம். இருந்தும் கணக்கு வரவில்லை. பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒரு மாசம் வரும். ரெண்டு மாசம் வராது. "சுமாரா வரும் சார்" என்றேன். அவரும் சுமாராகச் சிரித்துவிட்டுக் கிளம்பினார்.

அக்கா பையன் காலண்டர் அட்டையில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்து மேல் அயனம்பாக்கத்தில் படித்த குகேஷ் 2024-ல், 18 வயதில், உலக சாம்பியன் ஆனதிலிருந்து இவனுக்கு 64 கட்டம் போதவில்லை.

"மாமா, இது ஜேட்டன். செவ்வாய் கிரகத்து செஸ்!"

டார்ஜானை எழுதிய எட்கர் ரைஸ் பரோஸ், 1922-ல் வந்த நாவலுக்காகக் கற்பனை செய்த ஆட்டமாம். 100 கட்டம், ஆளுக்கு 20 காய். எதிராளியின் இளவரசியைப் பிடித்தால் ஜெயம். அவள் யாரையும் வெட்ட மாட்டாள். ஆனால் ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை தூரமாகத் தப்பி ஓடலாம்.

"முன்னாடி நிக்கறது யாருடா?"

"பாந்தன். கூலிக்குச் சண்டை போடற சிப்பாய். ஒரு தடவைக்கு ஒரு கட்டம்தான். பின்னாடி மட்டும் போக முடியாது."

அட, நம்ம ஆள்! மாசச் சம்பளத்தை விட்டுவிட்டு எழுத வந்தவனுக்கும் பின்னாடி கட்டம் ஏது?

இளவரசி ஆட்டம் நமக்கும் புதுசில்லை சார். திருவாரூர் மாவட்டம் திருப்பூவனூரில் சதுரங்க வல்லபநாதர் கோயில் இருக்கிறது. ராஜா மகளைச் சதுரங்கத்தில் ஜெயிக்கிறவருக்கே அவள் என்று அறிவிப்பு. சிவபெருமானே வேஷம் மாறி வந்து, ஆடி ஜெயித்து, மாலை மாற்றிக்கொண்டார் என்கிறது தலபுராணம். 'மாசம் எவ்வளவு வரும்?' என்று அந்த ராஜா கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஓடு ஏந்திய பிச்சாண்டி என்ன சொல்லியிருப்பார், பாவம்!

மூன்று ஆட்டம் ஆடினோம். மூன்றிலும் என் இளவரசி போனாள். "தப்பிக்கற சான்ஸை அவசரப்பட்டு யூஸ் பண்ணிடறீங்க மாமா" என்றான் பொடியன்.

ராத்திரி போன் அடித்தது. அந்த அப்பாதான். குரல் இறங்கியிருந்தது.

"தம்பி, பொண்ணு உங்ககிட்ட நேர்ல பேசணுங்கறா. நீங்க எழுதறதைப் படிச்சிருக்காளாம். நான் சொன்னா கேக்க மாட்டேங்கறா."

இளவரசிக்கு இருப்பதே ஒரு சான்ஸ். அதை அவள் எந்தப் பக்கம் ஓடச் செலவழிக்கப் போகிறாள் என்று எனக்குத் தெரியாது. வர்ற ஞாயிறு பூந்தமல்லிக்குப் போகிறேன். பாந்தனுக்கு முன்னாடி போவதைத் தவிர வேறென்ன தெரியும்?