பெண்மக்களுக்கு மட்டுமா பித்னா?

குன்னூரில் சென்ற மாதம் ஒரு திருமண விருந்தில் என்னருகே அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், “இணையம் என்பது நம் பெண்மக்களைக் கெடுப்பதற்கென்றே மேல்நாட்டார் கண்டுபிடித்த பித்னா, ஹஜ்ரத்! மிம்பரில் நின்று இதை ஓங்கிச் சொல்லுங்கள்” என்றார். அவர் இதைக் கூறிக்கொண்டிருந்தபோது, அவருடைய பதினாறு வயதுப் பேரன் எதிர்வரிசையில் பிரியாணித் தட்டையும் கவனியாது கைபேசியில் மூழ்கியிருந்தான். பெரியவரின் கண்ணில் அது படவில்லை. அவர் வேண்டியதை மிம்பரில் சொல்ல என்னால் இயலாது. ஏன் இயலாது என்பதையே எழுதுகிறேன்.

கண்டுபிடித்தவர் யார், எதற்காகக் கண்டுபிடித்தனர் என்பதை முதலில் அறிந்துகொள்வோம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பணத்தில் தொடங்கிய முயற்சி அது, மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அதில் உழைத்தோர் பெரும்பாலும் பல்கலைக்கழக ஆசிரியர்களும் மாணவர்களுமே. 1969 அக்டோபர் 29 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகக் கணினியிலிருந்து ஸ்டான்போர்டு ஆய்வு நிலையத்துக் கணினிக்கு ‘லாகின்’ என்னும் சொல்லை அனுப்ப முயன்றனர். ஆங்கில எழுத்துகளில் முதல் இரண்டு மட்டுமே போய்ச் சேர்ந்தன. அதற்குள் மறுமுனைக் கணினி செயலிழந்தது. உலகை ஆட்டிவைக்கும் வலையின் தொடக்கம் அவ்வளவு எளியது! அவர்கள் கையாண்ட உபாயத்தை நீலகிரிவாசிகளாகிய நமக்கு விளக்குவது எளிது. குன்னூர்ச் சாலையில் மண் சரிந்தால், மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு வரும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுகின்றனர் அல்லவா? அவ்வாறே ஒரு கடிதம் சிறுசிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் திறந்திருக்கும் வழியிற் சென்று, சேருமிடத்தில் மீண்டும் வரிசைப்படி ஒன்றாகின்றது. வின்ட் செர்ப், ராபர்ட் கான் ஆகிய இருவர் வகுத்த பொது விதிகள் 1983 சனவரி முதல் நாளன்று அவ்வலையில் நடைமுறைக்கு வந்தன. பின்னர் டிம் பெர்னர்ஸ் லீ என்னும் ஆங்கிலேயர் சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் வைய விரிவு வலையை உருவாக்கினார். அதனை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என 1993 ஏப்ரல் 30 அன்று அவ்வாய்வுக்கூடம் அறிவித்தது. நம் வீட்டுப் பெண்களைக் கெடுக்கும் சதி இதில் எங்கே இருக்கின்றது?

நம் நாட்டிலும் 1986இல் தொடங்கப்பெற்ற எர்நெட் என்னும் வலை, சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட கல்வி நிலையங்களையே முதலில் இணைத்தது. 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. அதே ஆண்டில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றினார், அவரும் ஆசிரியரே. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தொண்டர்கள் ஊதியமின்றித் தமிழ் நூல்களைத் தட்டெழுதி ஏற்றினர். உமறுப்புலவரின் சீறாப்புராணமும் அங்கே இருக்கின்றது.

அந்தக் காப்பியம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஏட்டுச் சுவடியிலேயே கிடந்தது. 1842இல் அதனை அச்சேற்றியவர் காயல்பட்டினத்து செய்கு அப்துல் காதிர் நெய்னார் லெப்பை ஆலிம் அவர்கள். தமிழுக்கு அச்சுக்கலையைக் கொணர்ந்தோர் கிறித்தவப் பாதிரிமார். 1578இல் கொல்லத்தில் அவர்கள் அச்சிட்டது தம் சமய நூலையே. ‘பாதிரியார் கருவி, நமக்கு வேண்டாம்’ என்று ஆலிம் அவர்கள் ஒதுங்கியிருந்தால் நம்மில் எத்தனை பேர் சீறாவைக் கண்ணால் கண்டிருப்போம்?

இனி நம் மலைக்கு வருவோம். 2003ஆம் ஆண்டிலேயே குன்னூரில் ‘டீசர்வ்’ என்னும் மின்னணுத் தேயிலை ஏல மையம் தொடங்கப்பட்டது. இன்றோ வியாபாரி எங்கோ அமர்ந்தபடியே குன்னூர்த் தூளுக்கு விலை கூறுகின்றார். தூளுக்கு வலை வந்துவிட்டது. கொழுந்து பறிக்கும் தாயின் பிள்ளைக்கு வந்ததா? 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டு, பாடமெல்லாம் கைபேசிக்குள் புகுந்தபோது, எஸ்டேட் லயன்களின் பிள்ளைகள் சிக்னல் தேடிப் பாறை மீதேறிக் குடைபிடித்து அமர்ந்தனர். அது அரசின் குறை, கம்பெனிகளின் குறை. அதைத் தனியே எழுத வேண்டும். சிக்னல் நன்றாகவே கிடைத்த ஒரு வீட்டில் நடந்ததை இங்கே சொல்கிறேன்.

என்னிடம் ஓதிய மாணவி ஒருத்தி அப்போது பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். அரபு இலக்கணத்தில் ஆண்பிள்ளைகள் திணறும் இடங்களை ஒருமுறை கேட்டதும் பிடித்துக்கொள்ளும் அறிவு அவளுக்கு. அவளுடைய அத்தா என்னிடம் வந்து, “கைபேசியைப் பெண்பிள்ளையின் கையில் கொடுக்கலாமா ஹஜ்ரத்?” என்று கேட்டார். “அலமாரியில் பூட்டி வையுங்கள். பாடத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம்” என்று விடை சொன்னவன் நானேதான். அவளுடைய தம்பியின் கையிலும் ஒரு கைபேசி இருந்தது. அதைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பள்ளி திறந்தபோது அவள் திரும்பிப் போகவில்லை. கணக்குப் பாடம் வெகுதூரம் போய்விட்டது, இனிப் புரியாது என்றாளாம். பதினெட்டு நிரம்பியதும் மணமுடித்து அனுப்பிவிட்டனர்.

‘அப்படியானால் ஆபத்தே இல்லையா?’ என்பீர்கள். உண்டு. பொய் உண்டு, ஆபாசம் உண்டு, சூதும் உண்டு. இணையச் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழக அரசு 2023இல் சட்டமே கொண்டுவர நேர்ந்தது. அந்தச் சூதில் கடன்பட்டு, துஆச் செய்யுமாறு என்னிடம் வந்து நின்றவர் அனைவரும் ஆடவர்! அவர்களுள் எவருடைய கைபேசியை எந்த அலமாரியில் பூட்டினோம்? பொய்யைக் கண்டு அஞ்சுகிறோமே, செய்தியை ஆராய்வதற்கு நம்மிடம் கலையா இல்லை? கொணர்ந்தவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்ததுண்டா என்று இஸ்னாத் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகச் சோதித்த முஹத்திஸ்களின் வழிவந்தோர் நாம். வாட்ஸாப்பில் வரும் வதந்தியை அதே உரைகல்லில் தேய்த்துப் பார்க்கப் பெண்பிள்ளைக்குக் கற்பித்தால் ஆகாதா? ஆயிரக்கணக்கான நபிமொழிகளை அறிவித்தவரும், ஸஹாபாக்களே தவறியபோது திருத்தியவரும் ஆயிஷா நாயகி அவர்கள் என்று மீலாது மேடைதோறும் முழங்குகிறோம். மேடையை விட்டு இறங்கியதும் அலமாரிச் சாவியைத் தேடுகிறோம்.

கூடலூருக்கு அப்பால் மலை இறங்கினால் கேரளம். அங்கே கோழிக்கோடு மாவட்டத்துக் கல்லூரி ஒன்றின் பெண்கள் விடுதியில், மாலை ஆறு முதல் இரவு பத்து மணி வரை கைபேசியை ஒப்படைத்துவிட வேண்டும் என்று விதித்தனர். மறுத்த மாணவியை விடுதியை விட்டே நீக்கினர். அவள் உயர்நீதிமன்றம் சென்றாள். இணையத்தை அணுகுவது கல்வியுரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று 2019 செப்டம்பரில் தீர்ப்பாயிற்று. அவளை மீண்டும் விடுதியில் சேர்க்குமாறும் ஆணை பிறந்தது. என் மாணவி வழக்குத் தொடுக்கவில்லை. யார் மீது தொடுப்பாள்? பெற்ற அத்தா மீதா, ஓதுவித்த என் மீதா?

இரு வாரங்களுக்கு முன் அந்த அத்தா மீண்டும் வந்தார். இளைய மகள் பதினொன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாளாம், கைபேசி கேட்கிறாளாம். “கொடுங்கள். அருகில் அமர்ந்து நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள்” என்றேன். சற்று நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “மூத்தவளுக்குப் பூட்டி வைக்கச் சொன்னதும் தாங்கள்தானே ஹஜ்ரத்?” என்றார்.

ஆம் என்றேன்.