பதிவேடு அறியாத துறை

2024 ஜூலையில் மருத்துவச் சட்டத் திருத்த மசோதா மலேசிய மக்களவையில் நிறைவேறியபோது, நம் பிசியோதெரபித் துறையினரில் பெரும்பாலோர் அதை மருத்துவர்களின் சொந்த விவகாரம் என்றெண்ணி வாளாவிருந்துவிட்டனர். எடின்பரோ ராயல் அறுவை மருத்துவக் கல்லூரியின் சான்று பெற்ற இருதய அறுவையாளர் சிலரை நிபுணர் பதிவேட்டில் சேர்க்க மருத்துவ மன்றம் மறுத்ததைத் தொடர்ந்து வலுத்த அந்த விவாதம், இறுதியில் சட்டத்தையே திருத்தும் அளவுக்கு ஆட்சியாளரின் சிரத்தையைப் பெற்றது. திருத்தம் நியாயமானதே. நாட்டுக்கு நிபுணர் வேண்டுமென்றால் அவரை நிபுணர் என்று சட்டம் ஒப்புக்கொண்டாக வேண்டும். அந்த நியாயம் நமக்கும் உண்டா என்று கேட்க இதைவிடத் தகுந்த சந்தர்ப்பம் வாய்க்காது.

துணைச் சுகாதாரத் தொழில்களுக்கென 2020 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் 774 ஆம் சட்டம், 23 தொழில்களை ஒரே அட்டவணையில் அடுக்கி, பிசியோதெரபிக்கும் அதிலே ஒரு வரி தந்திருக்கிறது. பதிவு பெற்றோம், தொழிற்சான்றைப் புதுப்பிக்கிறோம், போலிகளிடமிருந்து ஓரளவு பாதுகாப்பும் பெற்றோம். இவற்றையெல்லாம் நன்றியோடு ஏற்கிறோம். ஆயினும், முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்ட முதியவரை நடக்கவைப்பவரும், குறைமாதத்தில் பிறந்த சிசுவின் ஃபிட்ஜெட்டி அசைவுகளைத் திருத்திய வயதின் மூன்றாவது மாதத்தில் உற்றுநோக்கி மூளைவாத அறிகுறியைக் கண்டுகொள்பவரும் அந்தப் பதிவேட்டின் கண்ணுக்கு ஒருவரே. அமெரிக்காவில் குழந்தைப் பிசியோதெரபிக்கு 1986 முதல் தனி வாரியச் சான்று இருக்கிறது. இங்கே அப்படியொரு துறை இருப்பதாகவே சட்டம் அறியாது.

பட்டம் முடித்த இளைஞர்கள் இவ்விதழுக்கு எழுதிக் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: "குழந்தைகளோடு வேலை செய்ய விரும்புகிறேன், வழி என்ன?" முதுகலைப் படிப்பு, வெளிநாட்டுப் பயிற்சி, ஜெனரல் மூவ்மெண்ட்ஸ் வகுப்பு, கிள்ளான் பள்ளத்தாக்கில் பெருகிவரும் தனியார் ஆரம்பத் தலையீட்டு நிலையங்கள் என்று பதில் சொல்லிவிடலாம். தமிழும் மலாயும் ஒரு சீன மொழியும் பேசத் தெரிந்தால் பாட்டிமாரிடம் பாதி வேலை முடிந்துவிடும் என்றும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அரசாங்க உத்தியோகத்தில் சேர்ந்த பிறகு, அவர்கள் விரும்பிய குழந்தைகளின் பயிற்சிப் பாயின் அருகே எத்தனை காலம் உட்கார விடுவார்கள் என்ற கேள்விக்கு மட்டும் நம்மிடம் பதில் கிடையாது.

சுழற்சி முறையைத்தான் சொல்கிறோம். புதிதாக வந்தவர் எலும்பு, நரம்பு, தீவிர சிகிச்சை என்று எல்லா வார்டுகளையும் ஒரு சுற்று சுற்றி வருவது அவசியம் என்பதை யாரும் மறுக்கவில்லை. முதல் இரண்டு ஆண்டுகள் அப்படியே போகட்டும். அதற்குப் பின்னும், குழந்தைப் பிரிவில் கை பழகி, தாய்மாரின் நம்பிக்கையைப் பெற்று, வேலை பிடிபட்டு வருகிற வேளையில், இட மாற்ற ஓலை வந்து அவரை முதுகுவலிப் பிரிவுக்கு அனுப்பிவிடுகிறதே, அது எந்த சாஸ்திரத்தின்படி?

கிள்ளானிலிருந்து பேருந்து மாறி வருகிற ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். குழந்தைக்கு ஒன்றரை வயது. ஸ்பாஸ்டிக் டைப்ளீஜியா, ஜிஎம்எஃப்சிஎஸ் மூன்றாம் நிலை. புதியவர் தொடையைத் தொட்டதுமே குழந்தை அலறி விறைத்துக்கொள்கிறது. விறைப்பில் எடுத்த டார்டியூ அளவு எதற்கும் உதவாது. சென்ற முறை 40 பாகைக்கு விரிந்த தொடை இன்று 30 பாகையில் நிற்கிறது என்றால், அது இடுப்பு மூட்டு நகரத் தொடங்கியதன் அடையாளமா, அழுகையின் விளைவா என்பதைப் பழகிய கை உடனே சொல்லிவிடும். புதிய கை கோப்பைப் புரட்டும். கோப்பில் அளவுகள் இருக்கும். தாய் குழந்தையை இடுப்பில் வைக்கும்போது எந்தக் காலை எந்தப் பக்கம் போடுகிறாள் என்பது இராது. மூட்டின் நகர்வு விகிதம் 30 சதத்தைத் தாண்டியதை எக்ஸ்ரே காட்டும் நாளில், நடுவில் எத்தனை மாதம் வீணாயிற்று என்று கேட்பாரில்லை. பெருந்தசை இயக்கத்தில் மூளைவாதக் குழந்தைகள் எட்டக்கூடியதில் 90 சதத்தை ஐந்து வயதுக்குள்ளாகவே எட்டிவிடுகிறார்கள் என்று கனடாவின் ஆய்வு 2002 இலேயே காட்டிற்று. அந்தக் குறுகிய ஐந்தாண்டுக்குள் மூன்று நான்கு சிகிச்சையாளரை மாற்றுவதை நிர்வாக வசதி என்று அழைக்கிறார்கள்.

1984 இல் பத்து ராக்கிட் என்ற ஊரில் சமூகப் புனர்வாழ்வுத் திட்டம் தொடங்கியபோது, ஊருக்குத் தெரிந்த ஊராரையே குழந்தைக்குத் துணையாக்குவதுதான் அதன் உயிர்நாடியாக இருந்தது. 2008 இல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது. இத்தனைக்கும் பிறகு, ஒரு குழந்தையை ஒரே சிகிச்சையாளர் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை எழுத சுகாதார அமைச்சுக்கு மனம் வரவில்லை. மனு எழுதினால் ஆள் பற்றாக்குறை என்கிறார்கள். பற்றாக்குறை இருந்தால், பயிற்சி பெற்ற அபூர்வமான கைகளை அல்லவா இருந்த இடத்திலேயே காக்க வேண்டும்? ஒப்பந்த நியமனத்தில் எதிர்காலம் தெரியாமல் தவிக்கும் இளைஞர், இந்த அவமதிப்பையும் சேர்த்துச் சுமந்துவிட்டு, விளையாட்டுக் காய சிகிச்சை நிலையத்துக்கோ சிங்கப்பூருக்கோ போய்விட்டால், அவர்களைக் குறை சொல்லும் தகுதி இட மாற்ற ஓலையில் கையெழுத்திட்ட எந்த அதிகாரிக்கும் கிடையாது.

கேட்பது பெரிதல்ல. பதிவேட்டில் சிறப்புத் துறைக்கு ஒரு பிரிவு வேண்டும். அதற்குச் சட்டத் திருத்தம் தேவையென்றால், திருத்த முடியும் என்பதை 2024 காட்டிவிட்டது. அதுவரை, குழந்தைப் பிரிவை விரும்பித் தேர்ந்தவரை ஐந்தாண்டு நகர்த்தாமலிருக்க ஒரு சுற்றறிக்கை போதும். பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை குழந்தைகளோடு பணியாற்றும் வாசகர்கள், தங்கள் பிரிவில் ஐந்து வயதை எட்டிய ஒவ்வொரு குழந்தையின் கோப்பிலும் எத்தனை சிகிச்சையாளரின் கையெழுத்து இருக்கிறதென்று எண்ணி, பெயர்களை விடுத்து எண்ணிக்கையை மட்டும் நமக்கு எழுதுங்கள். அந்தக் கணக்கை, நம் பதிவேட்டை நடத்தும் மன்றத்தின் மேசையில் கொண்டுபோய் வைக்கிறோம்.